பொருந்தியவர்களுக்கு மட்டும் விடுப்பு

ஆராய்ச்சிப் படிப்புக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதற்பருவத்தில் வருத்தமாக இருக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் ஒருநாள் கண்டுபிடித்தது. கண்டுபிடிப்புகளுக்காகவே நடத்தப்படும் நிறுவனமாதலால், இதனையும் அது பெருமையோடு வரவேற்றது. உடனே ஒரு குழு அமைக்கப்பெற்றது. மாணவர்களுக்கு மனம்விட்டுப் பேச ஓர் இடமில்லாமையே வருத்தத்திற்குக் காரணம் என்று அக்குழு முடிவு செய்து, ‘இசைவு மையம்’ என ஒன்றைத் தோற்றுவிக்கப் பரிந்துரைத்தது. மையத்திற்கு ஓர் இடம் வேண்டுமே. மாணவர்கள் அதுவரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கூடம் அதற்கு ஒதுக்கப்பட்டது.

மையத்தின் இயக்குநர் எதற்கும் கோபப்படாதவர். கோபப்படாமல் எதையும் மறுக்கக்கூடியவர் என்பதாலேயே அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வகுத்த விதி மிக எளியது. புதிய சூழலோடு ஒரு மாணவர் முழுதும் பொருந்திவிட்டார் என்று மையம் அறிவிக்கும்வரையில் அவர் ஊருக்குச் செல்லலாகாது. சென்றால் இடம் பறிபோகும். பொருந்தியவர் எவர்? ஊருக்குச் செல்லும் எண்ணமே எழாதவர். ஆகவே, போக விரும்பாதவர்கள் எப்பொழுது வேண்டுமானாலும் போகலாம். போக விரும்புகிறவர்கள் போகக்கூடாது. இவ்விதியில் எவரும் இதுவரை குறை கண்டதில்லை. கண்டவர்கள் பொருந்தாதவர்கள் ஆதலால், அவர்கள் கூற்று கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

இத்தகைய நிறுவனத்திற்குத்தான், உழைப்பியல் துறையில் ஆய்வு செய்யும்பொருட்டு, ஒரு குழாய்த் தொழிலாளியின் மகள் வந்து சேர்ந்தாள். தாயில்லாதவள். தந்தையும் அவருடைய தங்கையுமாக வளர்த்த பெண். அவளுக்கு இடம் கிடைத்த செய்தியை அவள் தந்தை, எந்த வீட்டிற்குக் குழாய் பழுதுபார்க்கச் சென்றாலும், அந்த வீட்டுக் கழுவுதொட்டிக்கு அடியிலிருந்தபடியே அறிவித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டருக்குப் படிக்கப் போறா. ஊசி போடற டாக்டர் இல்லம்மா. அதுக்கும் மேல.”

மேல் என்றால் எவ்வளவு மேல் என்று எவரும் கேட்கவில்லை. அவர் தலை கண்ணுக்குத் தெரியாத நிலையில் கேட்கவும் முடியாது.

பல்கலைக்கழகத்தில் மகளுக்கு முதலில் புரியாதது, எப்பொழுது உட்காருவது என்பதுதான். கருத்தரங்க அறையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் எவருடையதோ ஒருவருடையதாக இருந்தது. பேராசிரியர்கள் சிரித்தபொழுது மற்றவர்களும் சிரித்தார்கள். இவள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது. நூலகத்தில் அவள் தேடிய நூல்கள் எல்லாம் அவளுடைய வழிகாட்டியின் வீட்டில் இருந்தன. வழிகாட்டியோ வெளிநாட்டில் இருந்தார். விடுதியறையின் சன்னல் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்தது. சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய் இறங்கியது. அதன் இணைப்பு சரியில்லை என்று அவளுக்கு முதல்நாளே தெரிந்தது. அங்கே அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது அது ஒன்றே.

நாள்தோறும் காலையில் புதிய மாணவர்கள் இசைவு மையத்தின் வாயிலைக் கடந்துதான் வகுப்புக்குப் போகவேண்டும். வாயிலில் ஓர் உதவியாளர் அமர்ந்து ஒவ்வொருவரையும், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பார். “நல்லா இருக்கேன்” என்பவர்கள் வகுப்புக்குப் போகலாம். வேறு ஏதேனும் சொல்பவர்கள் மகிழ்ச்சிப் பயிற்சிக்கு அனுப்பப்படுவார்கள். பயிற்சியும் அந்த வகுப்பு நேரத்திலேயே நடக்கும். வகுப்பைத் தவறவிட்டவர்கள் பாடத்தில் பின்தங்கி, அதனால் வருந்தி, மறுநாள் மீண்டும் பயிற்சிக்கு வருவார்கள். பயிற்சிக்குக் கூட்டம் குறையாதது மையத்தின் வெற்றியாகக் கருதப்பட்டது.

இவளும் சில வாரங்களில் “நல்லா இருக்கேன்” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அப்பொழுதுதான் தந்தை தொலைபேசியில் பேசினார்.

“பாப்பா, ஒண்ணும் இல்ல. மூச்சு கொஞ்சம் வாங்குதுன்னு உங்க அத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. நெஞ்சுல வால்வு தேஞ்சிருக்காம். டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. நான் சொன்னேன், சார், இந்த வேலை எனக்குத் தெரியும், மெயினை மூடிட்டு மாத்தணும்னு. உங்க விஷயத்துல மெயினை மூடினா மறுபடி தொறக்க வராதுங்கறாரு.”

“அப்பா, நான் வரேன்.”

“எதுக்கு? இங்க வந்து நீ என்ன பண்ணப் போற? சீட்டை விட்டுட்டு வந்து நின்னேன்னு வை, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

தொலைபேசி அத்தையின் கைக்கு மாறியது. அத்தை சற்றுத் தள்ளிப் போய்ப் பேசுகிறாள் என்பது ஒரு கதவு சாத்தப்பட்ட ஓசையில் தெரிந்தது.

“அவரு அப்படித்தான் சொல்லுவாரு. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காதாம்டி. ரொம்ப நாள் ஓடாதுங்கறாங்க. அந்தச் சீட்டும் போகாம, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடு. ரெண்டுல எது கெட்டாலும் அவரால தாங்க முடியாது.”

தந்தை கண்ணை மூடுமுன் அவரைப் பார்க்கவேண்டும். அவர் பெருமைப்படும் இடத்தையும் இழக்கக்கூடாது. இதற்கு வழி கேட்டுத்தான் அவள் இயக்குநரின் அறைக்குச் சென்றாள்.

இயக்குநர் அவளை அன்போடு உட்காரச் சொன்னார். முழுவதையும் தலையசைத்துக் கேட்டார்.

“புரியுதும்மா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்கறது புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப சகஜமா வர்ற அறிகுறி.”

“அறிகுறி எனக்கு இல்ல சார். அப்பாவுக்கு.”

“அப்படித்தான் தோணும். போன வருஷம் ஒரு பையனுக்கு அம்மா, தம்பி ரெண்டு பேருக்குமே முடியாம போச்சு. பயிற்சி குடுத்தோம். அப்புறம் அவன் அவங்களைப் பத்திப் பேசறதே இல்ல.”

“அவங்களுக்கு உடம்பு சரியாயிடுச்சா சார்?”

“அது எங்க மையத்தோட வரம்புல வரல.” அவர் மேசைமேலிருந்த பூச்சாடியைச் சற்று நகர்த்தி வைத்தார். “நான் உங்களைத் தடுக்கறேன்னு நினைக்காதீங்க. நீங்க பொருந்திட்டா, இன்னிக்கே கூடப் போகலாம். உங்க அப்பாவைப் பாக்கணுங்கற எண்ணம் உங்களுக்குச் சுத்தமா போகணும், அவ்வளவுதான். போனதும் போய்ப் பாத்துட்டு வாங்க.”

அவ்வாறு எண்ணம் போக்கும் வகுப்பிற்கு அவள் அனுப்பப்பட்டாள். அங்கே அவரவர் வீட்டை ஒரு தாளில் வரைந்து, அதனை மடித்து, மேலும் மடித்து, இனி மடிக்கவியலாது என்னும் அளவுக்குச் சிறிதாக்கிப் பெட்டியிலிட வேண்டும். எல்லாரும் நான்கு சுவரும் ஒரு கூரையும் வரைந்து சீக்கிரம் மடித்தார்கள். இவள், தந்தை கற்றுக்கொடுத்த முறைப்படி, தெருவிலிருந்து குழாய் எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எந்த மூலையில் அடைப்பான் இருக்கிறது, தந்தையின் கட்டில் எந்தச் சுவரையொட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் அளவோடு வரைந்தாள். பயிற்றுநர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருந்தினார்.

“இவ்வளவு ஞாபகம் இருந்தா எப்படிம்மா மடிப்பீங்க? திருப்பி வரைங்க. கொஞ்சம் மறந்து வரைங்க.”

அவள் திருப்பி வரைந்தாள். முதலில் குழாய்களை விட்டாள். பின்பு சன்னலை விட்டாள். கட்டிலை விடமுடியாமல் பல நாட்கள் அவ்வகுப்பிலேயே தங்கினாள். இறுதியில் ஒருநாள், நான்கு கோடுகள் மட்டும் உள்ள தாளை அவள் பயிற்றுநரிடம் கொடுத்தாள். பயிற்றுநர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

இந்நாட்களில் அவளுக்குத் துணையாக இருந்தவன் துறையின் மூத்த ஆய்வு மாணவன். துறைத்தலைவர்கள் வந்தார்கள், ஓய்வு பெற்றார்கள். இவன் மட்டும் இருந்தான். அதனால் அவனை எல்லாரும் ‘நிரந்தரம்’ என்று அழைத்தனர். காதோரம் நரைத்திருந்தது. மாடிப்படி வளைவிலிருந்த ஒரு மேசை அவனுடையது; அதன்மேல் அவனுடைய ஆய்வேடு ஈரத்தில் உப்பிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தின் எல்லா விதிகளும் அவனுக்கு மனப்பாடம்.

“நாளைக்கு உன்னை இசைவுக் குழு கூப்பிடும். மூணு பேர் இருப்பாங்க. வீட்டுக்குப் போகணும்னு தோணுதான்னு கேப்பாங்க. தோணலைன்னு சொல்லணும். தொண்டை அடைக்கக்கூடாது. அடைச்சா இருமற மாதிரி மாத்திக்க.”

“சரிண்ணா. நீங்க எப்ப பொருந்தினீங்க?”

“அது ஆச்சும்மா ரொம்ப காலம். நான் எப்ப வேணா வீட்டுக்குப் போகலாம்.”

“போனீங்களா?”

அவன் மேசை விளிம்பில் உரிந்துநின்ற மரச்சிம்பு ஒன்றைக் கிள்ளினான். “இப்ப அங்க யாரு இருக்கா போறதுக்கு?”

மறுநாள் காலை குழு கூடியது. இயக்குநர் நடுவில் அமர்ந்திருந்தார். இருபுறமும் இருந்த உறுப்பினர்கள் இருவரும் அவர் சொல்வதற்கு முன்பே ஒப்புக்கொண்டவர்கள்போல் தோன்றினார்கள்.

“வீட்டுக்குப் போகணும்னு தோணுதா?”

“தோணலை சார்.”

“அப்பா ஞாபகம்?”

“இல்ல சார்.” அவள் இருமினாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்தனர். “அருமை. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?”

“ஊருக்குப் போக லீவு வேணும் சார்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“போகணும்னு தோணலைன்னு இப்பத்தான் சொன்னீங்க. தோணாத ஒரு பிள்ளையை வலுக்கட்டாயமா வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனசு வருமா? நாங்களும் பிள்ளை பெத்தவங்கம்மா.”

விடுப்பு மறுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் அத்தை தொலைபேசியில் பேசுகையில், கால்கள் வீங்கிவிட்டன என்றும், படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தே உறங்குகிறார் என்றும் சொன்னாள். மாடிப்படி வளைவில் நின்று அழுதவளை நிரந்தரம் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்து நிற்கச் சொன்னான். அழுவது பொருந்தாமையின் அடையாளம். உதவியாளர் அவ்வழியே வருவதுண்டு.

“வீட்டுக்குப் போறேன்னு கேட்டாத்தானே இந்தப் பாடு. களப்பணின்னு போ. உன் துறைக்கு என்ன குறைச்சல்? குழாய் வேலை பாக்கறவங்களோட முதுமைன்னு ஒரு தலைப்பு போடு. ஊரு எதுன்னு நீதான் சொல்லணும். யாரைப் பேட்டி காணணும்னும் நீதான் சொல்லணும்.”

“அப்பாவைப் போய் எப்படிண்ணா பேட்டி காணறது?”

“பாக்கறதுக்கு வேற வழி இருக்கா?”

களப்பணிக்கு அறநெறிக் குழு ஒப்புதல் தரவேண்டும். அது அன்றே பிற்பகலில் அதே அறையில் கூடியது. வாயிலில் தொங்கிய பலகையை உதவியாளர் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் ‘அறநெறிக் குழு’ என்றிருந்தது. உள்ளே அதே மூவர் அமர்ந்திருந்தனர். காலையில் சன்னலைப் பார்த்து அமர்ந்தவர்கள், வேறுபாடு தெரியவேண்டி, பிற்பகலில் கதவைப் பார்த்து அமர்ந்திருந்தனர்.

“தகவலாளியா ஒரு பெரியவரைக் குறிச்சிருக்கீங்க. நோயாளி, படுக்கையில இருக்காரு. அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?” என்று இயக்குநர் கேட்டார்.

அவள் திகைத்தாள். “சார், உங்களுக்கே தெரியுமே.”

“எனக்குத் தெரியாது. காலையில கேட்டதெல்லாம் இசைவுக் குழுவோட ரகசியம். அதை நான் வெளிய யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என்கிட்டயே சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கையிலதான் இந்த நிறுவனமே நிக்குது.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “உறவு இருந்தா ஆய்வு செல்லாது. பொய் சொன்னது பின்னால தெரிஞ்சா சீட் போயிடும். நிதானமா பதில் சொல்லுங்க. அந்தப் பெரியவர் உங்களுக்கு யாரு?”

சுவரோரம் மின்விசிறி ஒன்று ஒருபக்கமாகத் திரும்பி, சிறிது நின்று, மறுபக்கம் திரும்பிற்று.

“யாரும் இல்ல சார்.”

மூவரும் அதனை எழுதிக்கொண்டனர். பின்பு இயக்குநர், இரண்டு குழுக்களுக்கும் பொதுவான ஒரு புன்னகையோடு, அவள் பக்கம் சாய்ந்தார். “உறவைப் பத்திக் கேட்டா இப்படிக் கண்ணு கலங்காம பதில் சொன்னவங்க எங்க மையத்து வரலாற்றிலேயே கொஞ்ச பேர்தான். உங்களை இன்னியோட பொருந்தியவங்களா அறிவிக்கறேன். இனிமே வீட்டுக்குப் போக லீவே உங்களுக்குத் தேவைப்படாது.”

அவள் இருமவில்லை என்பதை அவளே பிறகுதான் உணர்ந்தாள்.

களப்பணிக்கு ஒரு நாள் தரப்பட்டது. உடன் ஒரு பார்வையாளர் செல்லவேண்டும் என்பது விதி. ஆய்வாளர் தகவலாளியிடம் உணர்ச்சிவசப்படாமல் நடந்துகொள்கிறாரா என்பதைக் கேட்டும் பார்த்தும் அவர் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். அப்பொறுப்பு நிரந்தரத்திற்குத் தரப்பட்டது.

நடந்ததையெல்லாம் அவள் முன்கூட்டியே அத்தைக்குச் சொல்லியிருந்தாள். அத்தை அண்ணனுக்குச் சொல்லியிருந்தாள். அவர் வெகுநேரம் சிரித்து, அதனால் இருமி, பின்பு முகமழிக்க ஆள் கூப்பிடச் சொன்னாராம்.

அவர்கள் உள்ளே நுழைந்தபொழுது அவர் கட்டிலில், மூன்று தலையணைகள் அடுக்கிய முதுகோடு, தேய்த்த சட்டை அணிந்து நிமிர்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அவர் இளைத்திருப்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இவ்வளவு என்று எதிர்பார்க்கவில்லை.

“வாங்க மேடம். உக்காருங்க. சாரும் உக்காருங்க,” என்றார். மேடம் என்ற சொல்லை அவர் நெடுநேரம் பழகியிருக்கவேண்டும், இடறாமல் வந்தது.

அத்தை இரண்டு குவளைகளில் தண்ணீர் கொண்டுவந்தாள். நிரந்தரம் கைகூப்பினான். “வேண்டாம்மா. தகவலாளி வீட்ல எதுவும் வாங்கக்கூடாது.”

“தண்ணி கூடவா?”

“தண்ணி வாங்கினா பதில் மாறிடும்னு விதி.”

“பயப்படாதீங்க சார்,” என்றார் கட்டிலில் இருந்தவர். “தண்ணி விஷயத்துல நான் யாருக்கும் சலுகை காட்டினது கிடையாது.”

மகள் வினாத்தாளை மடியில் விரித்தாள். எழுத்துகள் முதலில் தெரியவில்லை. சிறிது பொறுத்துத் தெரிந்தன.

“ஐயா, உங்க தொழில்?”

“குழாய் வேலைங்க மேடம்.”

“தொழிலால உடம்புக்கு ஏதாவது கஷ்டம்?”

“முட்டி போச்சு. பாதி ஆயுசு மத்தவங்க வீட்டுத் தொட்டிக்கு அடியில போச்சு. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு என் காலை மட்டும்தான் தெரியும். தெருவுல பாத்தா அடையாளம் தெரியாது. செருப்பைப் பாத்துத்தான் ‘மாமா’ம்பாங்க.”

அவர் இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கினார். ஒவ்வொரு முறையும் அவள் எழுதுவதுபோல் குனிந்திருந்தாள்.

“முதுமையில் பிள்ளைகளின் ஆதரவு உண்டா? உண்டு, ஓரளவு உண்டு, இல்லை. இதுல ஒண்ணு சொல்லணும் ஐயா.”

“எதைச் சொன்னா உங்களுக்கு நல்லது?”

“உண்மையைச் சொல்லுங்க.”

“ஒரே பொண்ணு மேடம். பெரிய படிப்பு படிக்கிறா. நினைச்ச நேரத்துல வர முடியாது, அங்க ஏகப்பட்ட சட்டதிட்டம். எனக்கு அது தெரியும். நீங்க ‘உண்டு’ன்னே போட்டுக்குங்க.”

அவள் அவ்வாறே குறித்தாள். அடுத்து அவள் கேட்டது வினாத்தாளில் இல்லை. நிரந்தரம் தன் கையிலிருந்த நகலில் அதனைத் தேடி, ஒரு பக்கத்தைப் புரட்டி, பின்பு தேடுவதை விட்டுவிட்டான்.

“அந்தப் பொண்ணுகிட்ட உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா ஐயா?”

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். “போன புதுசுல போன்ல அவ குரல் கம்மியிருந்துச்சு. இப்ப தினமும் நல்லா இருக்கேன்ப்பாங்கறா. அப்படிச் சொல்றப்ப இன்னும் கம்மியிருக்கு. அதை மட்டும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லணும்.”

நிரந்தரம் எழுந்தான். வாசலில் ஒரு குழாய் சொட்டுகிறதென்றும், தகவலாளியின் தொழில்சார்ந்த பொருளாதலால் அதனைத் தான் நேரில் ஆராயவேண்டும் என்றும் சொல்லிவிட்டு வெளியே போனான். எந்தக் குழாயும் சொட்டவில்லை. அந்த வீட்டில் சொட்டுமா என்ன?

“அப்பா,” என்றாள் அவள்.

அவர் சட்டென்று தலையை அசைத்தார். “மெதுவா. சன்னல் தொறந்திருக்கு.”

“அவரு நம்ம ஆளுதான்ப்பா. சொல்ல மாட்டாரு.”

“நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா கேட்டுட்டாருன்னா பாவம், சொல்லணும் இல்லயா? அவரையும் எதுக்கு மாட்டிவிடணும்?” பின்பு வாசலுக்குக் கேட்கும்படி, “கேள்வி இன்னும் பாக்கி இருக்கா மேடம்?” என்றார்.

அவள் அவருடைய கால்மாட்டில் அமர்ந்து, வீங்கிய பாதத்தின்மேல் கைவைத்தாள். அவள் விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது. இருவரும் அதனைப் பார்த்தார்கள். அது நிரம்பிச் சமமாவதற்கு வெகுநேரமாயிற்று. அதுவரை அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பேருந்தில் நிரந்தரம் தன் அறிக்கையை எழுதினான். உணர்ச்சி எதுவும் காணப்படவில்லை என்பது அதன் சாரம். குழு அதனைப் படித்து மகிழ்ந்து, இக்களப்பணியைப் புதிய மாணவர்கள் அனைவருக்கும் ஒரு முன்மாதிரியாக விளக்கவேண்டும் என்று அவளைக் கேட்டுக்கொண்டது. ‘உணர்ச்சி கலவாத கேள்விகள்’ என்ற தலைப்பில் கூட்டம் ஏற்பாடாயிற்று. மேடையில் பூச்சாடிகள் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் அத்தை அழைத்தாள். அவள் அதிகம் சொல்லவில்லை. “போயிட்டாருடி,” என்றாள்.

இயக்குநர் மேடைக்கருகே நின்று ஒலிவாங்கியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சார், நான் ஊருக்குப் போகணும். அப்பா தவறிட்டாரு.”

அவர் உண்மையாகவே முகம் வாடினார். ஒலிவாங்கியை அணைத்தார். “அடடா. என்னம்மா இது. நீங்க எந்தக் குழுகிட்ட இதைச் சொல்றீங்க?”

“உங்ககிட்டதான் சார்.”

“இல்லம்மா, அதுல ஒரு சிக்கல் இருக்கு. இசைவுக் குழுவுக்கு உங்க அப்பாவைத் தெரியும். ஆனா நீங்க பொருந்தியாச்சு, வீட்டுக்குப் போகணும்னே தோணாதவங்க, அங்க உங்க விஷயம் முடிஞ்சுபோச்சு. அறநெறிக் குழுவுக்கு உங்களைத் தெரியும். ஆனா அங்க அவர் உங்களுக்கு யாரும் இல்ல. யாரோ ஒருத்தருக்காகத் துக்க விடுப்பு குடுத்தா நாளைக்கு ஊர்ல யாரு செத்தாலும் கேப்பாங்க. இதுல தனிப்பட்ட முறையில எனக்கு எவ்வளவு வருத்தம்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா என் வருத்தத்தை நான் வேலையில கலக்கறதில்ல. அதை நீங்களே இன்னிக்கு மேடையில அழகாச் சொல்லப் போறீங்க.”

அவள் அவரையும் பூச்சாடிகளையும் பார்த்தாள். பின்பு திரும்பி நடந்தாள். அறைக்குப் போய்ப் பையெடுக்கவும் இல்லை. இடம் போய்விட்டது என்பது வாயிலைக் கடக்கும்பொழுதே அவளுக்குத் தெரிந்திருந்தது. உதவியாளர் வழக்கம்போல், “எப்படி இருக்கீங்க?” என்றார். அவள் பதில் சொல்லாமல் போனாள். அதற்கு என்ன குறிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டுவாசலில் வாடகை நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. தந்தையோடு தொழில் செய்தவர்கள் வேலைப்பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு அமர்ந்திருந்தார்கள். உள்ளே அவரைக் கிடத்தியிருந்தனர். நெடுநாட்களுக்குப்பின் அவர் படுத்திருந்தார். அவள் அருகே போய் நின்றாள். வழியெல்லாம் வந்த அழுகை அங்கே வரவில்லை; எங்கோ மடிந்து, மேலும் மடிந்து கிடந்தது. கூடியிருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் ஒரு வேற்றாளைப்போல் அவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்பொழுது கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. நிரந்தரம்.

“நான்தான்மா. முதல்ல ஒரு விஷயம், சீட் போகல. கூட்டம் முடிஞ்சதும் குழு உக்காந்துச்சு. லீவு இல்லாம போனவங்களை நீக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. இயக்குநர்தான் யோசிச்சுச் சொன்னாரு, உறவே இல்லாத ஒருத்தரோட சாவுக்கு ஒரு பொண்ணு இவ்வளவு தூரம் போறான்னா அது களப்பணியிலேயே உச்சம்னு. இப்ப நீ களப்பணியில இருக்க. என்னைப் பார்வையாளராப் போட்டிருக்காங்க, போன் வழியா.” அவன் செருமிக்கொண்டான். “அதனால ஒண்ணே ஒண்ணு. அழுதா உறவுன்னு ஆயிடுமாம். என்னைச் சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்.”

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள், அணைக்கத் தோன்றவில்லை.

“யாருடி?” என்றாள் அத்தை.

“காலேஜ்லேர்ந்து.”

“என்னவாம்?”

“சீட் போகலையாம்.”

அத்தை முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பின்பு கிடத்தியிருந்தவரின் அருகே மண்டியிட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, காது மந்தமானவர்களுக்குச் சொல்வதுபோல் சற்று உரக்கச் சொன்னாள்.

“அண்ணே, பாப்பா வந்திருக்கா. சீட் போகலையாம்.”

அதற்குப்பின் அந்த வீட்டிலிருந்து எழுந்த ஒற்றைக் குரல் தெருவில் அமர்ந்திருந்தவர்கள் அனைவரையும் எழுந்து நிற்கச் செய்தது. அவள் அப்பா என்றுதான் கத்தினாள். திரும்பத் திரும்ப அது ஒன்றையே கத்தினாள். தொலைபேசி தரையில் விழுந்து திறந்தே கிடந்தது.

மறுமுனையில், மாடிப்படி வளைவிலிருந்த மேசையில், நிரந்தரம் அதனைக் காதோடு வைத்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தான். கேட்டவை அனைத்தையும் குழுவுக்குத் தெரிவிக்க அவன் கடமைப்பட்டவன். பல்கலைக்கழகத்தின் விதிகளில் ஒன்றையேனும் அவன் அதுவரை மீறியதில்லை. மறுநாள் காலை குழு அவனை விசாரித்தபொழுது, இணைப்புச் சரியில்லை, தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றான்.